எதிர் வீட்டு ரிவால்வர்

முப்பத்தொரு வருஷ காலம் நிக்கல் முலாம் பூசிப் பிழைத்தவன் நான். சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் கைப்பிடி, மணி மூடி, கத்தரிக்கோல், கதவுக் கொண்டி, வைத்தியர்களின் இடுக்கி முதலிய சகல சாமான்களும் என் தொட்டிகளில் கறுப்பாக இறங்கி வெள்ளையாக ஏறியிருக்கின்றன. பளபளப்பை விற்றுக் குடும்பம் நடத்தியவன் என்று என்னைச் சொன்னால் தவறில்லை. அப்படிப்பட்டவன் "பளபளப்பை நம்பாதீர்கள்" என்று எழுதப் புகுந்தால், கள்ளுக்கடைக்காரன் மதுவிலக்குப் பிரசங்கம் செய்வது போல் இருக்கிறதே என்று நேயர்கள் நினைக்கலாம். நினைத்துக் கொள்ளட்டும். கள்ளின் குணம் கள்ளுக்கடைக்காரனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

விஷயம் ஒரு ரிவால்வரைப் பற்றியது. தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறு துப்பாக்கியை அதுவரையில் நான் தொட்டது கிடையாது. தொட வேண்டுமென்று ஆசைப்பட்டதும் கிடையாது. சென்ற வருஷம் அமெரிக்காவில், வெர்மான்ட் மாகாணத்தில் குடியிருக்கும் என் பெண் வீட்டில் ஆறு மாத காலம் தங்கியிருந்தேன். பெண் வீட்டுக்கு அமெரிக்கா சென்ற பெற்றோரின் தினசரி அலுவல் என்னவென்று நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காலையில் ஜன்னல் வழியாக வீதியைப் பார்ப்பது. மாலையில் அதே வீதியில் நடப்பது. அப்படி நடக்கும்போது சிநேகமானவள்தான் எதிர் வீட்டு அம்மாள். வயது எண்பத்திரண்டு. பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஏழு வயதுப் பேரன் வாரத்தில் நாலு நாள் அவள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பான். அவள் செய்து கொடுக்கும் பிஸ்கோத்துகளின் மகிமை அது.

நான் நிக்கல் முலாம் பூசும் தொழில் செய்தவன் என்பதைப் பேரன் அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் மாலை அவள் என்னை நிறுத்தி, "என் பாட்டனாருடைய ரிவால்வர் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கிறது. நிக்கல் பூசியது. குழல் வாய் ஓரத்தில் முலாம் உதிர்ந்திருக்கிறது. என் தங்கை பிள்ளை அதைக் கொண்டுபோய்ப் புதிதாக நிக்கல் பூசி விற்கலாம் என்கிறான். நீங்கள் வந்து பார்த்து, பூசலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டும்" என்றாள்.

பாட்டனார் நாட்டுப்புற வைத்தியர். பிரசவத்துக்கும் ஜுரத்துக்கும் இராத்திரி வேளைகளில் குதிரை வண்டியில் தனியாகப் போய் வந்தவர். 1898-ல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் யுத்தம் மூண்டபோது பட்டாள வைத்தியராகக் கியூபாவுக்குப் போனார் என்றும், அங்கே அவர் இடுப்பில் இருந்தது இந்த ரிவால்வர்தான் என்றும் குடும்பத்தில் பரம்பரையாக ஒரு கதை. அந்தக் கதையைச் சொல்லும்போது அம்மாளின் முகத்தில் எண்பத்திரண்டு வயது தெரியவில்லை. எட்டு வயதுதான் தெரிந்தது.

"டிராயருக்குப் பூட்டு உண்டா?" என்று கேட்டேன்.

"பூட்டு எதற்கு? என் தகப்பனார் காலத்திலிருந்தே அது காலித் துப்பாக்கிதானே!"

எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த மேஜையை நான் பார்த்திருக்கிறேன். பிஸ்கோத்து டப்பா வைக்கும் மேஜை அது. என் மனைவியிடம் சொன்னேன். "நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று ஆரம்பித்தவள், மேஜை எது என்று தெரிந்ததும், "இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள்" என்றாள்.

பழைய ரிவால்வர் ஒன்று கைக்கு வந்தால், அது எந்தக் கம்பெனி, எந்த வருஷம், என்ன விலை பெறும் என்ற கேள்விகளெல்லாம் பிற்பாடு. அதில் தோட்டா இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு வாய் வார்த்தையைப் பதிலாக ஏற்கக் கூடாது. சொல்லுகிறவர் எவ்வளவு சத்தியசந்தராயிருந்தாலும் சரி. பிடிக்கத் தெரியாதவன் தொடவும் கூடாது. அந்த அம்மாள் டெலிபோன் செய்ததன்பேரில், பக்கத்து ஊரிலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் மறுநாள் காலையில் வந்தார். தாடி வைத்த, அதிகம் பேசாத மனிதர். குழல் வாயைக் கொல்லைப்புறத்து மண் மேட்டின் பக்கம் திருப்பி, விசையின் அருகிலேயே விரலைக் கொண்டு போகாமல், மேலே இருந்த தாழை மெள்ளத் தூக்கினார். பாக்குவெட்டி வாய் பிளப்பது போல் ரிவால்வர் நடுவில் மடிந்தது. குழலும் உருளையும் முன்பக்கம் சாய, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற ஒரு தகடு எழும்பி, உள்ளே இருந்தவற்றை மேலே தள்ளிக் கொடுத்தது.

ஐந்து அறைகளில் இரண்டு காலி. மூன்றில் தோட்டாக்கள் இருந்தன. பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அறுபது வருஷமாக இந்தக் கூடத்தில் எத்தனை குழந்தைகள்!" என்று மட்டும் சொன்னாள். தொழிலாளி அந்த மூன்று தோட்டாக்களையும் போலீஸாரிடம் ஒப்படைப்பதாகக் கூறி ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டார். அதன் பின்னர்தான் நான் பக்கத்தில் சென்றேன்.

இனி அடையாளம் காணும் காரியம். இந்தப் பகுதியில் தொழிலாளி எனக்குக் குரு. நிக்கலைப் பற்றிய பகுதியில் நான் அவருக்குக் குரு. இருவருமாக ஒரு முற்பகலைப் போக்கினோம்.

குழலின் முதுகில் 'ஸ்மித் அண்டு வெஸ்ஸன், ஸ்பிரிங்பீல்டு' என்று பொறித்திருந்தது. பெயர் இருப்பது நல்ல சாட்சிதான். ஆனால் பொய்ச் சாட்சியாகவும் இருக்கலாம். ஸ்பெயின் தேசத்தில் எய்பார் என்ற ஊரிலும், பெல்ஜியத்தில் லீஜ் நகரத்திலும் அமெரிக்க ரிவால்வர்களைப் போலவே அச்சாக ஏராளமாகச் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். அவற்றில் சிலவற்றின் குழலில் 'ஸ்மித் அண்டு வெஸ்ஸன்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். உற்றுப் படித்தால், 'அந்தக் கம்பெனியின் தோட்டாவுக்கு ஏற்றது' என்று அர்த்தமாகும் வாசகமாக அது முடியும். நம் ஊரில் பிரபல மிட்டாய்க் கடையின் பெயருக்கு முன்னால் 'புது' என்று பொடி எழுத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அந்த வித்தைதான்.

பெயருக்குப் பின்னால் வரிசையாகத் தேதிகள். கடைசித் தேதி 1889. அம்மாளின் தங்கை பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, "1889-ல் செய்தது" என்று தீர்மானித்திருந்தான். பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். அவை காப்புரிமைகளின் தேதிகள். 1889-க்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதைத்தான் அந்தத் தேதி நிரூபிக்கும். பின்னால் எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

ஸ்மித், வெஸ்ஸன் என்ற இருவரும் 1856-ல் கூட்டுச் சேர்ந்து ஸ்பிரிங்பீல்டில் தொழிலை நிலைநாட்டினார்கள். உருளையின் அறைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் துளையிட்டு, உலோகத் தோட்டாவைப் பின்புறமாக நுழைக்கும் யுக்திக்கு 1855-ல் காப்புரிமை வாங்கியிருந்தவர் ரோலின் ஒயிட் என்பவர். அந்த உரிமையைக் கைப்பற்றிக்கொண்டு, 1869-ல் அது காலாவதியாகும் வரையில் கம்பெனியார் மற்றவர்களை வாயில் விரல் வைக்கச் செய்தார்கள். நாங்கள் பார்த்த ஜாதி ரிவால்வர் 1880-ல் வெளிவந்தது. முப்பத்தெட்டு என்ற அளவு, ஐந்து தோட்டா, விசையை இழுத்தாலே குதிரை தானாக எழும்பி விழும் ஏற்பாடு. சிறு சிறு மாறுதல்களுடன் அடுத்த நாற்பது வருஷ காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றிருக்கிறார்கள். முதல் நாலைந்து வருஷங்களில் செய்தவற்றின் உருளையைச் சுற்றி வளையம் போல் ஒரு பள்ளம் ஓடும். நிறுத்தக் குழிகளும் இரண்டு வரிசை இருக்கும். இதில் பள்ளமும் இல்லை. குழிகளும் ஒரே வரிசை. ஆகவே பிந்தியது.

பிடியின் அடிப்பாகத்தில் ஒரு தொடர் எண். உருளையின் பின்முகத்தில் அதே எண். குழலின் தாழ்ப் பக்கத்திலும் அதுவே. பிடியின் வலப்பக்கத்துக் கறுப்பு ரப்பர் தகட்டைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் அங்கேயும் அந்த எண்ணைக் கீறியிருந்தார்கள். நாலு சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் வழக்கு ஜயித்த மாதிரிதான். வெவ்வேறு துப்பாக்கிகளின் அங்கங்களை ஒட்டுப்போட்டதல்ல என்று முடிவு செய்தோம். அந்த எண்ணைக் கொடுத்து எழுதினால், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் சரித்திர ஸ்தாபனத்தார் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டி, எந்தத் தேதியில், எந்தக் கடைக்கு, என்ன முலாமுடன் அது அனுப்பப்பட்டது என்று கடிதம் கொடுப்பார்கள். அம்மாளைக் கொண்டு அன்றைக்கே எழுத வைத்தேன்.

வருஷம் என்னவென்பது வெறும் ஆசைக்காக மட்டுமல்ல. 1898 வரையில் செய்த துப்பாக்கியை அமெரிக்காவின் 1968-ஆம் வருஷத்து மத்திய சட்டம் புராதனப் பொருளாகக் கருதுகிறது. அதற்குப் பிந்தியதைத் துப்பாக்கியாகவே கருதுகிறது. மாகாணச் சட்டங்கள் வேறு தனி. நம் தேசத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றி ரிவால்வரை வைத்திருப்பதே குற்றம். லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமானால், "தாத்தா ஞாபகார்த்தம்" என்று பீரோவில் பத்திரப்படுத்துவதற்கில்லை. போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் மனுப் போட வேண்டும். நம் வீடுகளில் யாருக்காவது இந்த நிலைமை ஏற்பட்டால் ஞாபகம் இருக்கட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் துப்பாக்கி இரண்டு நிறத்தில் விற்றது. ஒன்று, எஃகைப் பக்குவப்படுத்தி ஏற்றிய கருநீலம், மற்றொன்று நிக்கல். பாஸ்டனைச் சேர்ந்த ஐஸக் ஆடம்ஸ் என்பவர் 1869-ல் நிக்கல் முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, அது அமெரிக்காவில் காட்டுத் தீ போல் பரவியது. சட்டைப் பையில் வியர்வை. வெடித்தபின் குழலில் படியும் கருமருந்துச் சாம்பலோ ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். நீலத்தைவிட நிக்கல் இவற்றைத் தாங்கும் என்று மக்கள் கண்டுகொண்டார்கள். இராத்திரி வண்டியில் மழையில் நனைந்து போகும் வைத்தியர் நிக்கலைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. மட்ட ரகக் கம்பெனிகளுக்கும் நிக்கல் ஒரு வரப்பிரசாதமாயிற்று. சுமாரான இரும்பும் நிக்கல் பூசினால் கண்ணாடி பீரோவில் ராஜகுமாரன் மாதிரி உட்காரும். ஐவர் ஜான்ஸன் என்ற கம்பெனி, பிடியில் ஆந்தைத் தலை பொறித்த மலிவு ரிவால்வர்களை விற்றது. 1901-ல் பபலோ நகரத்தில் கைக்குட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்ட ரிவால்வர் அந்தக் கம்பெனியுடையதே. அதன் விலை நாலரை டாலர்.

அம்மாளின் ரிவால்வரில் இருந்த நிக்கல் தொழிற்சாலையில் பூசியதா, பிற்பாடு யாரோ பூசியதா என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடிக்கப் பளபளப்பாயிருக்கும் பாகத்தைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பளபளப்பில்லாத பாகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் இந்த ஜாதி ரிவால்வரில் குதிரைக்கும் விசைக்கும் நிக்கல் பூசுவதில்லை. அவற்றை எலும்புக் கரியில் புதைத்துப் புடமிட்டு, தண்ணீரில் தோய்த்து மேல்தோலைக் கடினமாக்குவார்கள். அப்போது இரும்பின் மேல் நீலமும் ஊதாவும் பழுப்பும் கலந்து, மயில்கழுத்துப் பட்டுப் புடவை மாதிரி ஒரு வர்ணம் திரளும். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு மட்டும் கருநீலம் ஏற்றுவார்கள். மூன்றும் வெள்ளை வெளேரென்று மின்னினால், யாரோ முலாம்காரன் முழுத் துப்பாக்கியையும் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறான் என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். இங்கே வளையம் கருநீலமாகவே இருந்தது. ஓரங்களில் தேய்ந்து பழுத்திருந்தது. குதிரையின் பக்கவாட்டில், விரல் படாத இடுக்கில், மயில்கழுத்து வர்ணம் ஒரு கடுகளவு மிச்சமிருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்துத் தொழிலாளி முதல் தடவையாகச் சிரித்தார்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. நிக்கலின் வெண்மையில் லேசான மஞ்சள் சாயல், பாலேட்டின் நிறம், கலந்திருக்கும். குரோமியம் நீலம் பாய்ந்த வெண்மை. குரோமியம் பூசும் தொழிலே 1920-களில்தான் கடைவீதிக்கு வந்தது. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர் நீல வெண்மையாக மின்னினால் அது பிற்காலத்து அலங்காரம். துருப்பிடிக்காத எஃகினால் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர் செய்தது 1965-ல். அந்த எஃகு சாம்பல் பாரித்த வெண்மை. அதில் உதிர்வதற்கு முலாமே கிடையாது. தொழிற்சாலையாரே பழைய ரிவால்வரை வாங்கி மறுபடி முலாம் பூசிக் கொடுத்ததும் உண்டு. அப்படியானால் பிடியின் அடியில் தொடர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியைத் தேட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது விளிம்புகளை. முலாம் பூசுவதற்கு முன்னால் உலோகத்தைப் பஃப் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுவார்கள். அந்தச் சக்கரத்துக்குக் கண் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. எழுத்தென்றும் பூவேலையென்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகும். கூரான விளிம்பு மழுங்கும். திருகாணித் துளையின் வாய் கிண்ணம் போல் குழியும். எழுத்துக்கள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போல் மங்கும். துருக்குழிகளின் மேல் பளபளப்பு ஏறியிருந்தால் துரு முந்தியது, முலாம் பிந்தியது என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். வைத்தியரின் ரிவால்வரில் எழுத்தின் ஓரம் நகத்தில் உறைத்தது.

சாயங்காலம் தங்கை பிள்ளை வந்து சேர்ந்தான். நாற்பது வயது, நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரக்காரன். "குழல் வாயில் நிக்கல் உதிர்ந்து அசிங்கமாக இருக்கிறதே? புதிதாகப் பூசினால் கண்ணைப் பறிக்குமே? நீங்களே நிக்கல் பூசுகிறவர். நீங்களா வேண்டாம் என்பது?" என்று கேட்டான்.

"அதனால்தான் வேண்டாம் என்கிறேன்" என்றேன்.

பூசுவதென்றால் என்ன நடக்கும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். முதலில் பழைய நிக்கலை உரிக்க வேண்டும். பிறகு துருக்குழி மறையும் வரையில் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். குழி மறையும்போது ஸ்பிரிங்பீல்டும் மறையும். அப்புறம் ஆசிட். ஆசிட்டிலும் மின்சாரத் தொட்டியிலும் ஹைட்ரஜன் வாயு பிறந்து எஃகுக்குள் நுழைகிறது. மெதுவான இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். பதமேற்றிய எஃகு பொறுக்காது. வில் போன்ற உறுப்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் குணத்தை அடைந்து, ஒரு நாள் திடீரென்று ஒடியும். பூசிய சில மணி நேரத்துக்குள் சூட்டடுப்பில் வைத்து அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். எத்தனை பட்டறைகளில் அப்படிச் செய்கிறார்கள் என்று என்னைக் கேட்க வேண்டாம். இவ்வளவும் செய்து முடித்தால், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ரிவால்வர் சென்ற வாரம் செய்த பொம்மை போல் ஆகும். சேகரிப்பவர்கள் முதலில் குதிரையையும் வளையத்தையும் பார்ப்பார்கள். விலையை வெகுவாகக் குறைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

"அப்படியானால் உதிர்ந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட முடியாதா?" என்றான்.

அதுவும் கூடாது என்றேன். பிள்ளையாண்டானுக்கு என்மேல் சற்று மனஸ்தாபந்தான். "வேலை வராதவன் சொல்லும் சாக்கு" என்று முணுமுணுத்ததாக என் பெண் பிற்பாடு சொன்னாள். அம்மாள் மட்டும் உதிர்ந்த இடத்தையே விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா இதை எதிலாவது செருகி எடுத்துக்கொண்டே இருந்திருப்பார், இல்லையா?" என்று கேட்டாள். "அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றேன். குழல் வாயும் உருளையின் ஓரமும் முதலில் உதிர்வது உறையின் உராய்வினால்தான்.

சரி, பூச வேண்டாம். பின் எப்படிப் பராமரிப்பது? இங்கே நிக்கலின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பில் ஒரு கீறல் விழுந்தால், துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலுக்கு அந்தத் தியாக புத்தி கிடையாது. அது இரும்பைவிட உயர்ந்த ஜாதி உலோகம். எங்கேயாவது ஓர் ஊசித் துவாரம் ஏற்பட்டால், நிக்கல் சௌக்கியமாக இருக்கும்; அடியிலுள்ள இரும்பு முன்னைவிட வேகமாக அரிக்கும். துரு முலாமுக்கு அடியில் கறையான் போல் பரவி, கடைசியில் செதிலாகத் தூக்கிவிடும். அந்த முலாமின் கனமோ தலைமயிரில் கால் பங்கு இருந்தால் அதிகம். ஆகவே முழுவதும் மின்னும் இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பூரிப்பதைவிட, உதிர்ந்த இடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைப்பதுதான் வைத்தியம்.

மெருகுப் பசையைத் தினமும் போட்டுத் தேய்க்கிறவர்கள் முலாமைத் தவணை முறையில் தின்கிறார்கள். மங்கல் படர்ந்தால் மெல்லிய துணியில் லேசான எண்ணெய் போதும். குழலுக்குள் படிந்த தாமிர அழுக்கைக் கரைக்க விற்கும் மருந்துகளில் அம்மோனியா கலந்தவை உண்டு. அவற்றை நிக்கலின் பக்கம் கொண்டுவரலாகாது. நிக்கலுக்கு அடியில் தாமிரப் பூச்சு கொடுப்பது பல பட்டறைகளின் வழக்கம். ஊசித் துவாரத்தின் வழியே அம்மோனியா இறங்கினால் அடியிலுள்ள தாமிரத்தைக் கரைத்துவிடும். மேலே உள்ள நிக்கல் அஸ்திவாரமற்ற வீடு போல் நிற்கும். கையாண்ட பிறகு விரல் ரேகையைத் துடைக்க வேண்டும். வியர்வையின் உப்பு இரவெல்லாம் வேலை செய்யும். பிரிட்டிஷ் மியூஸியத்தில் 1950-களில் கண்டுபிடித்த நுண்மெழுகு ஒன்று அமெரிக்காவில் சுலபமாகக் கிடைக்கிறது. அதைத் துளி தடவி மெருகேற்றினால் ஈரம் அண்டாது.

தோல் உறையில் மட்டும் நிரந்தரமாக வைக்கக் கூடாது. தோல் பதனிட்ட சரக்குகளும் தோல் உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து முலாமைக் கெடுக்கும். அம்மாளின் பாட்டனார் உறையோடு சேர்த்தே டிராயரில் வைத்திருந்தார். உறையின் வடிவத்திலேயே ஒரு பக்கம் முழுவதும் மங்கல் கட்டியிருந்தது. ரப்பர் பிடித் தகடுகள் வயதானால் அப்பளம் போல் முறியும். அவற்றை நெம்பக் கூடாது. திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் லேசாகத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானே விடும். பொருந்தாத திருப்புளியினால் தலை சிதைந்த திருகாணி ஒன்று, அந்தத் துப்பாக்கியை யாரோ வேண்டாத கை தொட்டிருக்கிறது என்று ஆயுள் பரியந்தம் கோள் சொல்லும். பக்கத் தகட்டைத் திறப்பதைத் தொழில் தெரிந்தவனிடம் விட்டுவிட வேண்டும். காலித் துப்பாக்கியை 'டிக் டிக்'கென்று சொடுக்கி விளையாடுவதும் ஆகாது. சினிமாவில் கதாநாயகன் ரிவால்வரை ஒரே உதறலில் மூடுகிறானே, அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தொழிலாளி கண்ணை மூடிக்கொள்வாராம்.

சுடலாமா என்று தங்கை பிள்ளை கேட்டதற்கு, தொழிலாளி ஒரே வார்த்தையில் "கூடாது" என்றார். இந்த ரிவால்வர் கருமருந்துக் காலத்து அமைப்பு. புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு. அத்துடன் முப்பத்தெட்டு என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் உலாவுகின்றன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தோட்டா குட்டை, சற்றுத் தடிப்பு. ஸ்பெஷல் என்பது நெட்டை, மெலிவு, வலுவோ அதிகம். பெயரைக் கேட்டு மாற்றி வாங்கி, துளையைக் குடைந்து நுழைத்துப் பார்த்த புத்திசாலிகளின் ரிவால்வர்கள் சில வெடித்த உருளையோடு தம் பட்டறைக்கு வந்திருப்பதாகவும் சொன்னார்.

நான் ஊர் திரும்புவதற்குள் அம்மாள் ஓர் இரும்புப் பெட்டியும் பூட்டும் வாங்கிவிட்டாள். ஈரம் உறிஞ்சும் மணிப்பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, எண்ணெய் காட்டிய துணியில் ரிவால்வரைச் சுற்றி வைத்தோம். சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. பிஸ்கோத்து டப்பா மட்டும் அதே மேஜையில் இருந்தது.

சரித்திர ஸ்தாபனத்தாரின் கடிதம் நான் அம்பத்தூருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் கிடைத்தது. பேரன் அதை டெலிபோனில் எனக்குப் படித்துக் காட்டினான். நிக்கல் முலாம், மூன்றேகால் அங்குலக் குழல், கறுப்பு ரப்பர் பிடி, பாஸ்டனில் ஒரு இரும்புக் கடைக்கு அனுப்பியது. எல்லாம் நாங்கள் எண்ணியபடியே. வருஷம் மட்டும் 1901. கியூபா யுத்தம் முடிந்து மூன்று வருஷத்துக்குப் பிறகு.

"பாட்டி என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தா. அப்புறம் சிரித்தார்கள். 'அந்தக் கிழவர் ஐம்பது வருஷம் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாரே!' என்றார்கள். கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்த மாமா ஒரு நகல் வேண்டுமென்று வாங்கிக்கொண்டு போனார்."

"விற்கப் போகிறானாமா?"

"இல்லையாம். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறாராம்."